டெல்லியில் ஒரு பள்ளிக்கூடப் பாதை

என் பெண் டெல்லியில் குடித்தனம் செய்கிறாள். "அம்மா, ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போயேன். இவனுக்கு ராத்திரியானா இருமல் நிக்கவே மாட்டேங்குது" என்று அவள் போனில் சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேரனுக்கு அப்போதுதான் ஐந்து வயது முடிந்திருந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் திருச்சியிலிருந்து சென்னை வந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தேன். பையில் சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், திப்பிலிப் பொடி எல்லாம் தயார். இருமலுக்கு நம் கைவைத்தியத்தை மிஞ்சி என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்!

டெல்லி எனக்குப் புதிதல்ல. 1996-இல் அவருடைய எல்.டி.சி.யில் குடும்பத்தோடு போயிருந்தோம். அப்போது என் பெண்ணுக்கு ஆறு வயது. இரட்டைப் பின்னல் போட்டு, வெள்ளை ரிப்பன் கட்டி அழைத்துப் போவேன். செங்கோட்டை, குதுப்மினார் என்று பஸ்ஸிலும் ஆட்டோவிலும் சுற்றிவிட்டு ராத்திரி விடுதிக்கு வந்து ரிப்பனை அவிழ்த்தால், அது சாம்பல் நிறத்தில் இருக்கும். மூக்கைத் துடைத்த கைக்குட்டையில் கரி. முன்னால் போன பஸ் ஒவ்வொன்றும் அடுப்புக்கரியை அள்ளி வீசுகிற மாதிரி புகையைத் தள்ளிக்கொண்டு போகும். ஆட்டோக்களோ பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கிற டூ ஸ்ட்ரோக் ரகம். நீலப் புகையும் கண்ணெரிச்சலும்தான் மிச்சம்.

இந்த முறை ஸ்டேஷனிலிருந்து வரும்போது நான் முதலில் கவனித்ததே அதைத்தான். ஒரு பஸ்ஸிலாவது கரும்புகை இல்லை! "பரவாயில்லையே, டெல்லி திருந்திடுச்சே" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். "அத்தே, கொஞ்சம் மேலே பாருங்க" என்றார். காலை எட்டு மணிக்குச் சூரியன் ஊறின அப்பளம் மாதிரி மங்கலாகத் தெரிந்தது. நான் மூடுபனி என்று நினைத்துக்கொண்டேன். சாலையோரத்துப் பலகையில் 342 என்று ஓர் எண் எரிந்தது. காற்றுத் தரக் குறியீடாம். 50 வரை இருந்தால் நல்ல காற்று. 301 முதல் 400 வரை என்றால் 'மிக மோசம்'.

மலை மந்திரில் தெரியாத டெல்லி

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் மலை மந்திருக்குப் போனோம். சிறு குன்றின் மேல் சுவாமிநாதன் கோயில். படியேறும்போதே காதில் தமிழ் விழுகிறது. தரிசனம் முடித்துப் பிராகாரத்தில் நின்று ஊரைப் பார்க்கலாம் என்று ஆசையோடு போனேன். எங்கள் ஊரில் உச்சிப்பிள்ளையார் கோயில் மேலே நின்றால் காவேரியும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் கண்ணுக்கெதிரே தெரியும் அல்லவா? இங்கே பக்கத்துத் தெரு மரங்களுக்கு அப்பால் வெறும் சாம்பல்தான். கட்டடங்கள் பென்சிலால் கோடு போட்டு அழித்த மாதிரி நின்றன.

ஏன் இப்படி என்பதை மாப்பிள்ளை விளக்கினார். சாதாரணமாகத் தரையில் சூடான காற்று மேலே போகும். புகையையும் கூடவே கொண்டு போய்விடும். குளிர்காலத்து ராத்திரிகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சூடான காற்று ஒரு மூடி மாதிரி. பானையை மூடிவிட்டு உள்ளே சாம்பிராணி போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். டெல்லியில் குளிர்காலத்தில் காற்றோட்டமும் குறைவு. அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்தாள் கொளுத்துகிற புகை வந்து சேர்கிறது. கட்டட வேலைத் தூசி, குப்பை எரிப்பது, குளிர்காய மூட்டுகிற நெருப்பு எல்லாம் உண்டு. இவற்றில் சிலவற்றுக்குப் பருவம் இருக்கிறது. வண்டிப் புகைக்கோ பருவமே கிடையாது. வருஷம் முழுக்க, தினமும் காலை மாலை.

"அப்போ அந்தக் கரும்புகை போனது?" என்றேன். அது நிஜமாகவே பெரிய காரியம்தான். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் டெல்லி வண்டிப் புகை பற்றி வழக்குப் போட்டார். 1998-இல் நீதிமன்றம் டெல்லி பஸ்கள் எல்லாம் டீசலை விட்டு சி.என்.ஜி. என்னும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. எத்தனையோ இழுபறிக்குப் பிறகு 2002 முடிவதற்குள் மாறிவிட்டன. பெட்ரோலில் கலந்துகொண்டிருந்த ஈயத்தை 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது. 1996-இல் என் பெண் அந்தக் காற்றைத்தானே சுவாசித்தாள் என்று நினைத்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் ஒவ்வொரு வண்டியும் சுத்தமாக ஆக, வண்டிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. 2017-இல் டெல்லியில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. கண்ணுக்குத் தெரிந்த புகை போய், தெரியாத புகை தங்கிவிட்டது.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முக்கால் கிலோமீட்டர்தான். பெரிய சாலையோரமாகவே நடந்தால் பத்து நிமிஷம். காலை எட்டு மணி நெரிசலில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூட வாசலில் இருபது முப்பது வண்டிகள்; குளிருக்காக ஹீட்டர் போட்டு, இன்ஜினை அணைக்காமல் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அவற்றின் நடுவே புகுந்து குழந்தையை உள்ளே விடுவேன்.

நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டான். இருமல் இல்லை, இழுப்பு. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வருகிறது. "அம்மாச்சி, மூச்சு வரலே" என்கிறான். என் திப்பிலிப் பொடியும் கஷாயமும் எந்த மூலைக்கு? பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெபுலைசர் வைத்து, அரை மணியில் முகம் தெளிந்தது. அந்த அரை மணி நேரம் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

அங்கிருந்த டாக்டரம்மா ஹிந்திக்காரர். என் பெண் மொழிபெயர்த்துச் சொன்னாள். இன்ஹேலரும் அதோடு ஸ்பேசர் என்ற குழாயும் எழுதிக் கொடுத்தார். "இன்ஹேலர் பழக்கமாயிடுமே" என்று நான் தயங்கினேன். நம்மில் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. அவர் சொன்னார்: "பழக்கம் ஆகாது. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் குறைந்த அளவே போதும். பயந்து பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து." பிறகு கேட்டார்: "குழந்தை எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிறான்?"

நான் விழித்தேன். என்ன சாப்பிட்டான், ஐஸ்கிரீம் தின்றானா என்று கேட்பார் என்று பார்த்தால், வழியைக் கேட்கிறாரே!

அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டியவரை எழுதுகிறேன். வண்டியின் பின்குழாயிலிருந்து பலதும் வருகின்றன. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறவேண்டிய இடத்தை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம் வரும். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் மூச்சுக்குழாயை உறுத்தி வீங்கவைக்கும்; இழுப்புக் குழந்தைகளுக்கு முதல் எதிரி. வெயிலில் இவையே ஓஸோன் ஆக மாறியும் தொல்லை தரும். கடைசியில் நுண்துகள். நம் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு முடியும் சளியும் தடுக்கமுடியாமல் நுரையீரலின் அடிவரை போய், அதிலும் மிக நுண்ணியது ரத்தத்திலேயே கலந்துவிடும். பெரியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை என்று அதன் வேலை நீளுகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-இல் அறிவித்திருக்கிறது.

"நாமும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறோம்?" என்றேன். இல்லையாம்! நாம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு முறை மூச்சு விட்டால், ஐந்து வயதுக் குழந்தை இருபதுக்கு மேல் விடுகிறது. அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, காரின் பின்குழாய் இருக்கும் உயரத்துக்குப் பக்கத்தில்தான் குழந்தையின் மூக்கும் இருக்கிறது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சாலைப் பக்கமாக அவனை நடக்கவிட்டு, அத்தனை குழாய்களையும் ஒவ்வொன்றாக மோந்து பார்க்க வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வருஷக்கணக்கில் கவனித்து வந்திருக்கிறார்களாம். பெருஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் குடியிருந்த குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சி குறைவாக இருந்தது என்று 2007-இல் கண்டார்கள். சட்டதிட்டங்களால் அங்கே காற்று சுத்தமானதும், பின்னால் பிறந்த குழந்தைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்தது என்று 2015-இல் கண்டார்கள். டாக்டரம்மா இந்த இரண்டாவதைத்தான் அழுத்திச் சொன்னார். "காற்று மாறினால் குழந்தையும் மாறுவான். ஊர்க் காற்றை நீங்கள் மாற்றமுடியாது. வழியை மாற்றலாம்."

வழியை மாற்றினோம்

மறுநாளே நானும் பெண்ணும் சந்து சந்தாகச் சுற்றிப் பார்த்தோம். வீடுகளுக்குப் பின்னால் ஒரு பூங்கா. அதைக் கடந்து குறுக்குத் தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடத்தின் பின்வாசல். ஐந்து நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான். பெரிய சாலையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப்போனாலே வண்டிப் புகையின் அடர்த்தி வெகுவாகக் குறைந்துவிடும். பின்வாசல் பூட்டியே கிடந்தது. என் பெண் நாலைந்து தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேட்டாள். "செக்யூரிட்டி இல்லை" என்று முதலில் கைவிரித்தார்கள். இவர்கள் விடவில்லை. ஒரு வாரம் நடந்தபின், காலை அரை மணி நேரம் திறக்கச் சம்மதித்தார்கள். முன்வாசலில் 'இன்ஜினை அணைக்கவும்' என்று பலகையும் மாட்டினார்கள். 2020-இல் டெல்லி அரசு சிவப்பு விளக்கில் வண்டியை அணைக்கச் சொல்லி இயக்கம் நடத்தியதே, அதே யோசனைதான்.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். காலையும் ராத்திரியும் ஜன்னலைச் சாத்தி, வெயில் ஏறி மூடி விலகும் மத்தியானத்தில் திறந்தோம். விளையாட்டும் அப்போதுதான். கொசுவர்த்தியையும் ஊதுவத்தியையும் குழந்தை படுக்கும் அறையிலிருந்து வெளியேற்றினோம். துணி முகமூடி நுண்துகளைத் தடுக்காது என்று தெரிந்ததும் அதை நம்பி வெளியே போவதை விட்டோம்.

இதனால் இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். நான் இருந்த மிச்ச நாட்களில் இன்னொரு முறை வந்தது. இன்ஹேலரில் அடங்கிற்று, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருக்கவில்லை.

திருச்சிக்குத் திரும்பிவந்து பார்த்தால், டெல்லியைச் சொல்லி நாம் தப்பிக்க வழியில்லை. ஸ்கூட்டரில் முன்னால் குழந்தையை நிற்கவைத்து, பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போகிறோம். முன்வண்டியின் புகை முதலில் யார் முகத்தில் அடிக்கிறது? சிக்னலில் கொஞ்சம் தள்ளி நிற்கலாமே! புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டோம் என்றும் சும்மா இருக்கக்கூடாது. அந்தப் பரிசோதனையில் நைட்ரஜன் ஆக்ஸைடையும் நுண்துகளையும் அளப்பதில்லை. வண்டியை நேரத்துக்கு சர்வீஸ் விடுவதும், நிற்கும்போது அணைப்பதும், கூப்பிடு தூரத்துக்கு நடப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு பழக்கம். நான் கதவைப் பூட்டுவதற்குள் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, உறுமவிட்டு, ஹாரன் அடிப்பார். முப்பது வருஷப் பழக்கம். இப்போது நான் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாவியே அவர் கைக்குப் போகிறது!

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் போனில் கூப்பிட்டான். "அம்மாச்சி, நேத்து எங்க ஸ்கூல் கேட்ல எத்தனை கார் ஆஃப் பண்ணாங்க தெரியுமா? ஒம்போது!"

"ஆஃப் பண்ணாதது எத்தனைடா கண்ணு?"

"அதுவும் எண்ணினேன். பதிமூணு" என்றான்.