ஏ, பி, சி

கலிபோர்னியாவில், மோஹாவிப் பாலைவனத்தில், ஆம்பாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் (ஊர் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு) தண்டவாளத்தைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் நின்றேன். அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நானாகப் பார்க்கக் கேட்டது இது ஒன்றைத்தான். அத்தான் காரைவிட்டு இறங்கவில்லை.

முதலில் விளக்கு தெரிந்தது. நட்ட நடுப்பகலில் எரிகிற எஞ்சின் விளக்கு. வருகிறதா நிற்கிறதா என்று வெகுநேரம் புரியவில்லை. பிறகுதான் சத்தம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டடுக்குக் கன்டெய்னர்கள், லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களில் இறக்கியவை, சிகாகோ பக்கம் போகின்றன. எண்ணத் தொடங்கித் தொண்ணூற்றுச் சொச்சத்தில் தவறவிட்டேன். வால்பக்கத்திலும் ஓர் எஞ்சின், ஆளில்லாமல் தள்ளிக்கொண்டு போயிற்று. கார்டு பெட்டி கிடையாது. முழு வண்டியில் ஒரு முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பயணிகள் வண்டி ஒன்று உண்டு. அது இங்கே நிற்காமல் இரவில் கடந்துவிடுகிறது.

1883இல் இந்தப் பாதை போட்டார்கள். நிறுத்தங்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர். ஏ-க்கு ஆம்பாய், பி-க்கு பிரிஸ்டல், சி-க்கு கேடிஸ், டி-க்கு டான்பி. இன்னும் கிழக்கே ஃபென்னர், காஃப்ஸ். (தமிழில் எழுதினால் வரிசை குலைந்துபோகிறது.) வங்கியில் நாங்கள் கணக்குகளை அடுக்குவதும் இப்படித்தான். யாரிடமும் விரோதமில்லை, யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதுமில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். ஊர்ப்பெயர்களை வெறும் ஒலிக்காக இறைத்திருந்த கவிதைகள். பெயர் பொருளிலிருந்து விடுதலை பெற்றுவிட்டதாகப் புகழ்ந்திருந்தேன். அந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதே நிலத்தில் செமெஹுவேவி மக்களுக்கு உப்புப் பாட்டுகள் என்று ஒரு பாட்டுத் தொடர் இருக்கிறது. இறந்தவருக்காக அந்தி முதல் விடியும்வரை பாடுகிறார்கள். பாட்டு மலை, ஊற்று, ஆறு என்று இடம் இடமாக நகர்கிறது. போகிற உயிருக்கு அதுதான் வழி. அவர்களிடம் பெயர் கேட்டிருக்கலாம். கேட்காமலே பாதையை முடிக்க முடிந்தது. என் வாக்கியத்தில் இருந்த விடுதலையும் இந்த ரகம்தானோ என்று வெயிலில் நின்றபோது சந்தேகம் வந்தது. கவிஞர் என்னைவிடக் குறைந்த குற்றவாளி. அவர் ஒலியையாவது கேட்டார்.

நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தவரை இந்த நிறுத்தங்களில் மனிதர்களுக்கு வேலை இருந்தது. டீசலுக்கு அவர்கள் வேண்டியிருக்கவில்லை. 1973இல் புது நெடுஞ்சாலை வடக்கே ஒதுங்கிப் போனதும் கார்களும் குறைந்துவிட்டன. பெயர்ப்பலகைகள் இருக்கின்றன.

அத்தான் ஹார்ன் அடித்தார். எதிர்த்திசையில் இன்னொரு விளக்கு தெரிய ஆரம்பித்திருந்தது. காரில் ஏறியதும், எதிரே நிற்கிற மலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். செல்போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை.