வாயால் சொல்லாதது

செப்டம்பர் 5 நெருங்கினால் ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வரும். "ஆசிரியர் தினத்துக்கு நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும் சார்." வங்கியில் ஓரளவு பெரிய பதவி, மேடைக்கூச்சம் இல்லை, கைவசம் ஒரு கதை இருக்கிறது. அது போதும் அவர்களுக்கு.

கதை இதுதான். பள்ளி பேண்டில் சைடு டிரம் வாசித்த காலத்தில் ஒரு சுதந்திர தின அணிவகுப்பில் தாளம் கெட்டுப்போனது. எல்லோர் முன்னாலும் எங்கள் பேண்ட் மாஸ்டர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் ஆசிரியர் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. இங்கே சற்று நிறுத்துவேன். கைதட்டல் வரும். ஒரு தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூட உண்டு.

நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் அந்தக் கதையில் இன்னொரு பையன் இருந்தான். அவனை நான் வெட்டி எடுத்துவிட்டுச் சொல்கிறேன். முப்பது வருஷமாக.

1986. நான் ஒன்பதாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் வீடு, பள்ளி திருச்சியில். ராஜகோபுரம் அப்போது இன்னும் கட்டி முடியாமல், சாரக்கட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. மறுவருஷம் மார்ச் மாதம்தான் கும்பாபிஷேகம். காலை ஐந்தரைக்கு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, ஆறரைக்கெல்லாம் மைதானத்தில் நிற்க வேண்டும். மாஸ்டர் அதற்கு முன்னாலேயே சைக்கிளில் வந்து, டிரம்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்.

அவர் ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட், நடுவில் பச்மரியில் ராணுவ இசைப் பயிற்சி. பள்ளியில் அவருக்கு நிரந்தர வேலை கிடையாது, மாதம் ஏதோ ஒரு சொற்பத் தொகை. கட்டளையெல்லாம் என்.சி.சி. இந்தியில் வரும். 'கதம் தால்' என்றால் நின்ற இடத்தில் கால் மாற்றணும். 'தம்' என்றால் நிற்கணும். ஆனால் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது முழுக்கத் தமிழில், அதுவும் சொற்கட்டில். குச்சியைத் தொடவிடாமல் முதல் ஒரு மாதம் எங்களை வாயால் சொல்ல வைத்தார். இடது காலுக்கு 'தக', வலது காலுக்கு 'திமி'. உருட்டலுக்கு 'தரிகிட தரிகிட'.

"முதல்ல வாயால சொல்லு. வாய்ல வராதது கைல எப்படிடா வரும்?"

அவருடைய பாடங்களில் மறக்க முடியாதது ஒன்று மைதானத்தில் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேண்ட் பையன்கள் எல்லோரையும் கொள்ளிடக் கரைக்கு வரச்சொன்னார். 2018 வெள்ளத்தில் தூண் சரிந்ததே, அந்தப் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில். மணலில் எங்களை நிறுத்தி, தூரத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவரைக் காட்டினார். துணி கல்லில் விழுகிறது. சத்தம் வரவில்லை. கை மறுபடி மேலே போகிறது, அப்போதுதான் 'டப்' என்று வருகிறது.

"பாத்தியா? கண்ணு ஒண்ணு சொல்லுது, காது ஒண்ணு சொல்லுது. மைதானத்துல கடைசி வரிசையில நிக்கிறவனுக்கு உன் அடி இப்படித்தான் போய்ச் சேரும்."

பின்னால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அணிநடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி, அதாவது அரை நொடிக்கு ஒரு காலடி. ஒலி நூறு மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.3 நொடி எடுத்துக்கொள்கிறது. அரைக் காலடிக்கும் மேலே தாமதம்! வேகம் சீராக இருந்தால் தூரத்தில் வருகிறவன் அந்தத் தாமதத்தைப் பழகிக்கொள்வான். டிரம் ஓட ஆரம்பித்தால் அவன் கால் பின்னிக்கொள்ளும். அமெரிக்காவின் டிரம் கார்ப்ஸ் குழுக்களிலும் முன்னால் நிற்பவர்களிடம் பின்னால் இருக்கும் டிரம்களைக் கேட்டு வாசிக்கச் சொல்கிறார்கள் என்று பல வருஷம் கழித்து அறிந்தேன். எங்கள் மாஸ்டர் அதை ஒரு துவைகல்லை வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன்.

நான் இடது கைக்காரன். சைடு டிரம் வலது தோளிலிருந்து வாரில் தொங்கி, இடது தொடைப் பக்கம் சாய்ந்து நிற்கும். இடது விளிம்பு மேலே, வலது விளிம்பு கீழே. அதனால் இடது கை குச்சியை அடியிலிருந்து ஏந்தும், வலது கை மேலிருந்து பிடிக்கும். உருட்டலில் கைக்கு இரண்டிரண்டு அடி. நாங்கள் 'டாடி மம்மி' என்போம். என் இடது கையில் 'டாடி' கணீரென்று விழும். வலது கையில் 'மம்'தான் கேட்கும், 'மி' செத்துவிடும். சரிசெய்ய ஒரே வழி, தினமும் அரைமணி நேரம் பலகைமேல் ஒட்டிய ரப்பரில் வலது கையை மட்டும் சாதகம் செய்வது. நான் செய்யவில்லை. கேட்டபோதெல்லாம் "இடது கைப் பழக்கம் மாஸ்டர்" என்பேன்.

ஒருநாள் அவர் சிரித்தார். "பழனி சுப்பிரமணிய பிள்ளை தெரியுமாடா? மிருதங்கத்துல மலை. அவரும் இடது கைதான். அவரு உட்கார்ந்தா மேடையில இடமே மாத்தணும்னு கூட வாசிக்கத் தயங்கினவங்க உண்டு. பாடகர் செம்பைதான் துணிஞ்சு கூட வச்சுக்கிட்டாரு. அவரோட சிஷ்யர், நம்ம பூவாளூர்க்காரர், திருச்சி சங்கரன், 1971-லயே டொராண்டோவுக்குப் போய் யார்க் யுனிவர்சிட்டியில வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாரு. இடது கைன்னு அவரு சொன்னாரா சாக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சாதகம் செய்யவில்லை. அதற்குப் பதில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். குச்சியைத் தோலில் அழுத்திப் பிடித்தால் அது தானே அதிர்ந்து 'ஜ்ஜ்' என்று உருட்டல் மாதிரி ஒரு சத்தம் வரும். கீழ்த்தோலில் இழுத்துக் கட்டிய கம்பிகள் மிச்சத்தை மூடிவிடும். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே கோளாறு, அழுத்த அழுத்தக் கை இறுகும். இறுகிய கை ஓடும். எட்டாவது எண்ணிக்கையில் உருட்டலுக்குள் நுழையும்போது என் வேகம் கூடிவிடும். அது எனக்குத் தெரியும். நான்தான் லீட் டிரம்மர்.

ஆகஸ்ட் 15. நாலு ஹவுஸ், முன்னூறு பையன்கள், பந்தலில் சிறப்பு விருந்தினர். பெரிய டிரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம். ஒல்லிக்குச்சி. முன்னால் டிரம்மை மாட்டிக்கொண்டால் ஆளே தெரியாது, தலைமுடியும் ஷூவும்தான் தெரியும். அவனுக்கு மாஸ்டர் சொன்ன ஒரே விதி, "அண்ணன் குச்சியைப் பாரு, அவன் கூடவே போ."

அவன் போனான். முதல் இரண்டு ஹவுஸ் நன்றாகவே கடந்தன. மூன்றாவது ஹவுஸ் பந்தலை நெருங்க, வலப்பக்கம் பார்க்கச் சொல்லும் 'தாஹினே தேக்' வர, நான் உருட்டலை எடுத்தேன். வழக்கம்போல் அழுத்தினேன். கை ஓடியது. அவன் விசுவாசமாகக் கூடவே ஓடி வந்தான். பின்வரிசைகளில் கால்கள் இடறின. கால் மாற்றுகிறேன் என்று பையன்கள் தத்தித் தத்திக் குதித்தார்கள். பந்தலில் சிரிப்பு கேட்டது.

முடிந்ததும் டிரில் வாத்தியார் முகம் சிவக்க வந்தார். "எவன்டா பெரிய டிரம்?" பேண்டில் காலத்தைக் காப்பது பெரிய டிரம். தாளம் போனால் உலகமே முதலில் அவனைத்தான் பார்க்கும். அந்தப் பையன் டிரம்முக்கு மேலே எட்டி என்னைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கும் பார்வை இல்லை அது. 'அண்ணே, என்ன ஆச்சு?' என்று கேட்கிற பார்வை.

நான் குனிந்து என் டிரம்மின் திருகாணியை முடுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"எண்ணிக்கை நான்தான் தப்பாக் கொடுத்துட்டேன் சார். பசங்க மேல தப்பில்ல" என்றார் மாஸ்டர்.

மேடையில் என் கதை இங்கே முடியும். நடந்தது அங்கே முடியவில்லை. மாஸ்டரின் சொல்லைப் பள்ளியில் யாரும் மதிக்கவில்லை. தற்காலிக ஆள் சொல்லுக்கு என்ன எடை? திங்கட்கிழமை அந்தப் பையனைப் பேண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் என்னை மட்டும் வரச்சொன்னார். பெரிய டிரம்மைத் தானே மாட்டிக்கொண்டு, "எடு" என்றார். எடுத்தேன். எட்டாவது எண்ணிக்கையில் என் கை ஓடியது, அவரும் கூடவே ஓடினார். மறுபடி எடுத்தேன், மறுபடி ஓடினார். அறுபது வயது மனிதர், வியர்வை வழிய, என் தப்பை அடிக்கு அடி அப்படியே திருப்பி வாசித்துக் காட்டினார். ஐந்தாறு முறை. பிறகு டிரம்மில் கையை வைத்து ஓசையை அடக்கிவிட்டுக் கேட்டார்.

"யாருடா ஓடினது?"

கேட்டதெல்லாம் அவ்வளவுதான். ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு ஒருவனுக்குக் கிடைக்காது. மைதானத்தில் வேறு ஆள் இல்லை. நான் சொன்னேன்: "ரெண்டு பேருந்தான் மாஸ்டர்."

"சரி" என்றார். டிரம்மைக் கழற்றி வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் அந்தச் 'சரி' இவ்வளவு காலம் காதில் நின்றிருக்காது.

அதற்கப்புறம் அவர் என்னைக் கைவிட்டிருக்கலாம். விடவில்லை. நான்கு மாதம், காலை ஆறு மணிக்கு, வலது கை மட்டும். டிசம்பரில் ஒருநாள் 'மி' பிறந்தது. குடியரசு தினத்தன்று என் உருட்டல் மணி மணியாக விழுந்தது. மாஸ்டர் முதுகில் தட்டினார். அந்தப் பையன் வகுப்பு வரிசையில் நின்று, நான் வாசித்த தாளத்துக்குச் சரியாகக் கால் போட்டு நடந்துபோனான்.

மாஸ்டர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. எழுதத் தூண்டியது அதுவல்ல, போன ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் என் கையைப் பிடித்தார். நரைத்த தலை, பக்கத்தில் மனைவி, ஒரு பேரக்குழந்தை. "அண்ணே, என்னைத் தெரியுதா?" என்று சிரித்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். "அண்ணன்தான் எங்க பேண்டுல லீட் டிரம்மர். என்னா கை தெரியுமா!"

எனக்குக் காவிரியில் இறங்கிவிடலாம் போலிருந்தது. "நீயும் நல்லாத்தானே வாசிப்பே தம்பி" என்றேன்.

"நமக்கெல்லாம் எங்கண்ணே தாளம் நிக்கும்? அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. கோயில்ல பஜனைக்கு ஜால்ரா குடுத்தாக்கூட நான் தொடறதில்ல."

அவர் குறைப்பட்டுச் சொல்லவில்லை. தன் உயரத்தைச் சொல்வது மாதிரி, ரத்த வகையைச் சொல்வது மாதிரி, சாதாரணமாகச் சொன்னார். அவருடைய பதிமூன்றாவது வயதில், நான் திருகாணியை முடுக்கிய அந்தப் பத்து நொடியில், அவருக்குத் தாளம் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீடு இல்லாமல் அதை அவர் அனுபவித்து வருகிறார். தாளம் கெட்டுப்போன ஒருவனைக் கொஞ்சமும் பிசகாமல் பின்தொடர்ந்தவர் அவர். பெரிய டிரம்காரனுக்கு அதைவிட வேறு என்ன தாளம் வேண்டும்?

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குழந்தை கையில் நூறு ரூபாயைத் திணித்துவிட்டு, கூட்டத்தைச் சாக்கு வைத்து நழுவினேன்.

இந்த செப்டம்பருக்கும் ஒரு பள்ளி கேட்டிருக்கிறது. பேச வரவில்லை என்று சொல்லிவிட்டேன். படித்துறையில் பார்த்த அந்தத் தம்பி கடை வைத்திருக்கிறார், எங்கே என்று தெரியும். வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். மூன்று முறை போய், எதிர்ச்சாரியில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இங்கே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மாஸ்டர் இருந்தால் ஒப்பமாட்டார். வாயால் சொன்ன பிறகுதானே கைக்கு வரணும். நான் எதையும் தலைகீழாகத்தான் செய்கிறேன்.