மூன்று போதாது!

டப்ளின் நகரத்துக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டிரினிடி கல்லூரியைச் சொல்வார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஆயிரத்து இருநூறு வருஷத்துச் சித்திர வேதப் புத்தகத்தைச் சொல்வார்கள். நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை என்னை அழைத்துப் போனதோ, ஒரு கால்வாய்ப் பாலத்துக்கு!

"அத்தை, இதைப் பார்க்காமல் நீங்கள் ஊருக்குத் திரும்பினால், நான் கணக்கு வாத்தியார் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை" என்றார்.

'சரிதான், கணக்கு வாத்தியாருக்குப் பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது!' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, பையில் ஒரு பிஸ்கோத்துப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பச்சைத் தடத்து டிராமில் ஏறினால் கடைசி நிறுத்தம் புரூம்பிரிட்ஜ். இறங்கினால் ஒரு பக்கம் ரயில் பாதை, மறு பக்கம் ராயல் கால்வாய். கால்வாயின் மேல் வளைந்து நிற்கிறது கல் பாலம். அழகு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பாலத்தின் அடியில், நடைபாதை ஓரச் சுவரில், ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. 1958-ல் டி வலேரா திறந்து வைத்தது. அரசியலுக்கு வருமுன் அவரும் கணக்கு வாத்தியார்தான்.

அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள கதை இது:

1843-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, திங்கட்கிழமை. ஊருக்கு வெளியே டன்சிங்க் வானசாஸ்திர நிலையத்தில் குடியிருந்த ஸர் வில்லியம் ரோவன் ஹாமில்டன், ராயல் ஐரிஷ் அகாடமியின் கூட்டத்துக்குத் தலைமை வகிக்க இந்தக் கால்வாய் ஓரமாக நடந்து வருகிறார். கூடவே வருகிறாள் மனைவி ஹெலன். ஏதோ பேசிக்கொண்டு வருகிறாள். அவர் காது கேட்கிறது. மனம் வேறெங்கோ இருக்கிறது. (இது அயர்லாந்துக்கு மட்டும் உரிய வியாதி அல்ல என்பது நம் வாசகிகளுக்குத் தெரியும்!)

பல வருஷங்களாக அவரை ஒரு கணக்கு வாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு உறுப்புள்ள எண்களைக் கூட்டலாம், பெருக்கலாம். காகிதத்தின் மேல் ஒரு கோட்டைத் திருப்பவும் நீட்டவும் அவை போதும். ஆனால் நாம் வாழ்கிற உலகத்துக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று உண்டே! அதற்கு மூன்று உறுப்புள்ள எண்கள் வேண்டாமா? கூட்டல் வந்தது, கழித்தல் வந்தது, பெருக்கல் மட்டும் வரவில்லை. காலைச் சிற்றுண்டிக்கு வந்து உட்கார்ந்தால், பிள்ளைகள்கூட "அப்பா, மும்மூன்றாகப் பெருக்க வந்துவிட்டதா?" என்று கேட்பார்களாம். பாவம், அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கூட்டவும் கழிக்கவும்தான் வருகிறது என்பாராம்.

பாலத்தை நெருங்கும்போது சட்டென்று விளங்கிவிட்டது. மூன்று போதாது, நான்கு வேண்டும்! உடனே பேனாக்கத்தியை எடுத்துப் பாலத்துக் கல்லிலேயே கீறிவிட்டார். 'ஐ', 'ஜே', 'கே' என்று மூன்று புதிய எண்கள். ஒவ்வொன்றின் வர்க்கமும் கழித்தல் 1. மூன்றையும் வரிசையாகப் பெருக்கினாலும் கழித்தல் 1. இவற்றோடு சாதாரண எண்ணும் சேர்ந்தால் நான்கு உறுப்பு. 'குவாட்டர்னியன்' என்று பெயர் வைத்தார்.

ஆனால் இதற்கு அவர் ஒரு விலை கொடுக்கவேண்டியிருந்தது. 'ஐ'யை 'ஜே'யால் பெருக்கினால் 'கே' வரும். 'ஜே'யை 'ஐ'யால் பெருக்கினால் கழித்தல் 'கே' வரும்!

"இதென்ன அநியாயம்? மூவைந்தும் பதினைந்து, ஐமூன்றும் பதினைந்து என்றுதானே நாங்கள் படித்தோம்?" என்றேன்.

மாப்பிள்ளை என் பையிலிருந்த பிஸ்கோத்துப் பொட்டலத்தை எடுத்தார். முதலில் முன்பக்கமாகச் சாய்த்து, பிறகு வலப்பக்கம் திருப்பினார். மறுபடி பழைய நிலையில் வைத்து, முதலில் வலப்பக்கம் திருப்பி, பிறகு சாய்த்தார். இரண்டு தடவையும் பொட்டலம் வேறு வேறு விதமாக நின்றது! எனக்கு உடனே விளங்கிவிட்டது. எண்ணெய் காய்ந்தபின் கடுகு போடுவதும், கடுகைப் போட்டபின் எண்ணெய் ஊற்றுவதும் ஒன்றாகுமா? இன்று விண்கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடுவதற்கும் இந்த எண்கள்தான் உதவுகின்றனவாம்.

"மூன்று ஏன் போதாது?" என்று கேட்டேன். பெஞ்சியில் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார்.

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வர்க்கம்: 1, 4, 9, 16. இப்போது 3 என்பது 1+1+1. 5 என்பது 4+1+0. இரண்டும் மூன்று வர்க்கங்களுக்குள் அடங்கிவிட்டன. ஹாமில்டன் விரும்பியபடி பெருக்கல் நடந்தால், 3-ஐயும் 5-ஐயும் பெருக்கி வரும் 15-ம் அப்படியே அடங்கவேண்டும். நீங்களும் முயன்று பாருங்கள், அடங்காது! நான்கு வர்க்கம் என்றால் உடனே அடங்கும்: 9+4+1+1.

7 என்பது 4+1+1+1. அதை (2,1,1,1) என்று எழுதுங்கள். 15-ஐ (3,2,1,1) என்று எழுதுங்கள். பாலத்து விதிப்படி பெருக்கினால் (2,7,6,4) வருகிறது. வர்க்கங்களைக் கூட்டினால் 4+49+36+16, அதாவது 105. ஏழு பதினைந்தும் அதுவேதான்! வரிசையை மாற்றிப் பெருக்கினால் (2,7,4,6). விடை மாறுகிறது, கூட்டுத்தொகை மாறவில்லை.

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று லாக்ராஞ்ச் என்பவர் 1770-லேயே நிரூபித்துவிட்டார். 1896-ல் ஹூர்விட்ஸ் என்ற ஜெர்மானியர் குவாட்டர்னியன்களுக்குள்ளேயே முழு எண்களை வகுத்து, அதே உண்மைக்குப் புது வழி காட்டினார். 7 ஒரு பகா எண். நம் எண்களில் அதை உடைக்க முடியாது. குவாட்டர்னியன்களில் அது (2,1,1,1) என்றும் (2,−1,−1,−1) என்றும் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. பிளந்தால் உள்ளே 4+1+1+1 தெரிகிறது. எல்லாப் பகா எண்களும் இப்படியே. பகா எண்கள் அடங்கினால் அவற்றைப் பெருக்கி வரும் மற்ற எண்களும் அடங்கத்தானே வேண்டும்? இன்று இதே ஜாடையில் 'குவாட்டர்னியன் இயற்கணிதங்கள்' என்று ஒரு பெரிய குடும்பமே எண் கணிதத்தில் வளர்ந்திருக்கிறது.

"நம்ம ராமானுஜனும் இந்த நான்கு வர்க்கங்களை விடவில்லை, அத்தை" என்றார் மாப்பிள்ளை. கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1917-ல், வர்க்கங்களை வெவ்வேறு பங்கில் சேர்த்தாலும் எல்லா எண்களும் கிடைக்குமா என்று ஆராய்ந்து 55 விதங்களை எழுதினாராம். பின்னால் டிக்ஸன் என்பவர் பார்த்ததில் 54 சரி. முதல் வர்க்கம் ஒரு பங்கு, அடுத்தது 2 பங்கு, மற்ற இரண்டும் 5 பங்கு என்ற ஒரு விதம் மட்டும் ஒரே ஓர் எண்ணைத் தவறவிட்டது. எது தெரியுமா? அதே 15!

திரும்புமுன் பாலத்துக் கற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஹாமில்டன் கீறிய எழுத்து எங்கும் இல்லை. மழையும் காலமும் எப்போதோ அழித்துவிட்டன. பலகையை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் நடந்து போனார், அவர் கண்டார், அவர் கீறினார் என்று எல்லாம் இருக்கிறது. ஹெலன் மட்டும் இல்லை.

ஆனால் அவர் மறக்கவில்லை. 1865-ல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், மகனுக்கு எழுதிய கடிதத்தில் அன்று உன் அம்மா என்னோடு நடந்து வந்தாள் என்று எழுதியிருக்கிறாராம்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 16-ந் தேதி, கணிதப் பிரியர்கள் டன்சிங்கிலிருந்து இந்தப் பாலம் வரை யாத்திரையாக நடந்து வருகிறார்கள். நீங்கள் எப்போதாவது போனால், தனியாகப் போகாதீர்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் ஏதாவது பேசினால், கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்!