மண்பானைக்குள் ஒரு பாடம்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வடநெம்மேலி. இடப்புறம் வங்கக் கடலை ஒட்டி, 1976-ஆம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய முதலைப் பண்ணை. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் வற்புறுத்தலால் குடும்பத்துடன் சென்றிருந்தோம். ஆனால் எம் நெஞ்சில் தங்கிவிட்டவை முதலைகள் அல்ல. அவ்வளாகத்திற்குள் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே.

அங்கே மண்பானைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வாய்ப்புறம் துணியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. "ஊறுகாய்ப் பானையா வாப்பா?" என்று கேட்டாள் இளைய மகள். பெரியவர் ஒருவர் ஒரு பானையின் துணியை அவிழ்த்து, கம்பிக் கொக்கியால் ஒரு நல்ல பாம்பை வெளியே எடுத்தார். மகள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அவர் பாம்பின் தலையைப் பதறாமல் பிடித்து, மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் அதனைக் கடிக்கச் செய்தார். மஞ்சள் நிறத் துளிகள் உள்ளே வழிந்தன. பிடித்துவரும் பாம்புகளைச் சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு உலர்த்தப்பட்டு, மருந்து உற்பத்தி நிலையங்களுக்குச் செல்கிறது. அங்கே சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து நஞ்சு முறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது.

ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டதும் பிழைப்பிழந்தனர். அவர்களுடைய அறிவையே தொழிலாக்கி, 1978-இல் இச்சங்கம் உருவானது. கொல்வதற்குப் பயன்பட்ட கைத்திறன் உயிர் காப்பதற்குப் பயன்படலாயிற்று. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அறிய வேண்டிய நால்வர்

நம் நாட்டில் பெரும்பாலான உயிரிழப்புகளுக்கு நான்கு பாம்புகளே காரணம். படமெடுப்பது நல்ல பாம்பு. பழுப்பு உடலில் சங்கிலி போன்ற நீள்வட்டப் புள்ளிகளுடன், குக்கர் போலச் சீறுவது கண்ணாடி விரியன். சிறிய உடலைச் சுருட்டி, செதில்களை உரசி ஓசை எழுப்புவது சுருட்டை விரியன். பளபளக்கும் கருமையில் மெல்லிய வெண்பட்டைகள் கொண்டது கட்டுவிரியன்.

இந்த நான்காவது பானையின் முன் நான் நெடுநேரம் நின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில், தரையில் பாய் விரித்து உறங்கிய என் சாச்சா மகன், நள்ளிரவில் வயிற்று வலி என்று எழுந்தான். கடித்த தடமே தெரியவில்லை. உணவு ஒவ்வாமை என்றெண்ணிக் கஷாயம் கொடுத்தார்கள். கண்ணிமைகள் சரிந்தபோது, ஓதிப் பார்ப்பவரைத் தேடி ஓடினார்கள். விடியுமுன் மூச்சு நின்றுவிட்டது. கட்டுவிரியன் இரவில் இரைதேடி வீட்டினுள் வரும். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. இதனை அன்று எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

"பாய், பாம்பு நம்மளத் தேடி வராது, எலியைத் தேடித்தான் வரும்" என்றார் பெரியவர். ஆகவே தானியத்தை மூடி வையுங்கள்; விறகையும் செங்கல் குவியலையும் வீட்டை ஒட்டி அடுக்காதீர்கள். தரையில் படுப்பதைத் தவிர்த்து, கொசுவலையைப் படுக்கையின் கீழ் நன்கு செருகிக்கொள்ளுங்கள். இருள் பிரியுமுன் ஃபஜ்ர் தொழுகைக்குச் செல்வோர் கைவிளக்கின்றிப் படியிறங்க வேண்டாம். தேள், பூரான் செருப்பினுள் ஒளிந்திருக்கக்கூடும், உதறி அணியுங்கள். படுக்கையைத் தட்டிவிட்டுப் படுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதை நாம் அறிவோம். அதன் பயனை அந்தப் பானையின் முன் நின்றபோது முழுமையாக உணர்ந்தேன்.

கடித்துவிட்டால் பதற்றம் வேண்டாம். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட உறுப்பை அசையாதபடி கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கையே விளைவிக்கும். பாம்பைத் துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். இந்நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான். 108-ஐ அழைத்து, நஞ்சு முறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். கடித்த தடம் இல்லாவிட்டாலும், இரவில் திடீரென வயிற்று வலியும் இமைச் சரிவும் கண்டால் விடியும்வரை காத்திராதீர்கள். துஆவை வண்டியில் செல்லும்போதே கேட்கலாம்.

அன்றிரவு வீடு திரும்பியதும், யாரும் சொல்லாமலே இளைய மகள் தன் படுக்கையை மூன்று முறை தட்டினாள். பின்னர் என் படுக்கையையும் தட்டிவிட்டு, "இப்போது படுங்கள் வாப்பா" என்றாள்.