24 அங்குலம்

ஆஸ்பத்திரி வாசலில் காரில் ஏற்றியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னாள். "நெல்லு மூட்டைய ஏத்துனாப்ல ஏத்திட்டியே எய்யா."

குளியலறையில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது இடுப்பு முறிந்திருந்தது. மூட்டின் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்திருந்தார்கள். ஆறாவது வாரப் பரிசோதனைக்கு நண்பனின் வண்டியை இரவல் வாங்கிப் போனோம். உயரமான, பெரிய வண்டி. பெரிய வண்டி என்றால் வயதானவர்களுக்கு வசதி என்று நானாக முடிவு செய்து கேட்டு வாங்கியது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வாறுகாலுக்கு மேலே சிமெண்ட் சிலாப் போட்டிருக்கிறது. அதில் நின்று ஏறியதால் போகும்போது எதுவும் தெரியவில்லை. திரும்பும்போது வெறும் தரையிலிருந்து ஏற வேண்டும். சீட்டு அவள் இடுப்புக்கு வந்தது. நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். சேலை விலகியது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் வர மறுத்தாள். எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை. அது பரவாயில்லை. ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போகவில்லை என்றாள். அங்கே பெரியம்மா இருக்கிறாள், அம்மாவுக்கு மூத்தவள், அவளுக்கும் நடமாட்டம் குறைந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருதரம், தபசுக் காட்சியைச் சாக்காக வைத்துத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். "போன்ல பேசிக்கிடுதேன்" என்றாள் அம்மா. வலி என்று சொல்லியிருந்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்பேன். இது வலி இல்லை.

வீட்டுக்கு வந்துபோன பிசியோதெரபிஸ்ட் பெண்தான் எனக்குப் பாடம் எடுத்தார். "நீங்க கார்ல எப்படி ஏறுறீங்கன்னு கவனிங்க சார். ஒரு கால உள்ள வச்சு, தலையக் குனிஞ்சு, மொத்த பாரத்தையும் ஒத்தக் கால்ல தாங்கித் திரும்புறீங்க. அம்மாவால முடியாதது அதுதான்." அம்மா செய்ய வேண்டியது வேறு. சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்காலில் வண்டி தட்டும்வரை பின்னால் நகர்ந்து, முதலில் உட்கார வேண்டும். கால்கள் அப்புறம், ஒவ்வொன்றாக. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது என்பதும் டாக்டர் உத்தரவு. தாழ்வான காரில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்துவிடும், அது ஆகாது. ரொம்ப உயரமான காரில் உட்காரவே முடியாது. இரண்டுக்கும் நடுவில், நின்றவாக்கிலேயே லேசாகச் சாய்ந்தால் சீட்டு வந்து தாங்க வேண்டும்.

அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து, தொடை முடிகிற இடம்வரை இஞ்ச் டேப் பிடித்தேன். 26. அதிலிருந்து இரண்டு கழித்தேன். "ஜாக்கெட்டுக்கா அளவெடுக்க?" என்றாள்.

ஒரு விஷயத்தை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டு வருஷமாக ஒரு எஸ்யூவிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். நிறம்கூட முடிவாகியிருந்தது. அந்த ஷோரூமுக்குத்தான் முதலில் போனேன். விற்பனையாளர் தம்பி சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டினார். நான் கதவோரம் குத்துக்காலிட்டு டேப்பை நீட்டினேன். "கிரவுண்ட் கிளியரன்ஸா சார்?" "இல்ல தம்பி, சீட்டு." தரையிலிருந்து சீட்டின் உயரம் என்ன என்று நான் புரட்டிய எந்த பிராஷரிலும் இல்லை. டிக்கியில் எத்தனை லிட்டர் கொள்ளும் என்று இருக்கிறது. அந்த வண்டி 29. டேப்பைச் சுருட்டும்போது மனசுக்குள் ஏதோ சுருண்டது, மறைக்க விரும்பவில்லை.

அதற்கப்புறம் பார்க்கிற கார்களில் எல்லாம் கண் கதவிலேயே நின்றது. கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு அகலமாக இருந்தால் உட்காருகிற ஆள் அத்தனை தூரம் உள்ளே நகர வேண்டும். சின்னக் கார்களில் பின்கதவு வழியைச் சக்கரத்தின் வளைவு தின்றுவிடுகிறது. கதவு எவ்வளவு விரிகிறது என்பதும் முக்கியம். டாடாவின் ஆல்ட்ரோஸ், பஞ்ச் இரண்டிலும் கதவு 90 டிகிரி திறக்கும். (எங்கள் தெருவில் சுவரோரம் நிறுத்தினால் எந்தக் கதவும் 30 டிகிரிதான்.) அம்மா கல்யாணத்துக்கு வந்து இறங்கியது அம்பாசிடரில். 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்துச் செய்த வண்டி, 2014 வரை வந்தது. நாற்காலி மாதிரி நிமிர்ந்த, நீளமான சீட்டு. பட்டுச்சேலையும் மாலையுமாக அதில் ஏறினவள் அவள்.

கடைசியில் பழைய வேகன்ஆர் ஒன்று அமைந்தது. ஜப்பானில் 1993இல் வந்த வண்டி. அங்கே சின்னக் கார்களுக்கு நீளத்திலும் அகலத்திலும் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அதனால் உயரத்தில் இடம் தேடினார்கள். இங்கே 1999இல் வந்தபோது டிபன் பாக்ஸ் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். என் டேப்பில் சீட்டு 24 அங்குலத்தைத் தொட்டது. தலைக்கு மேலே தாராளமாக இடம்.

ஆனால் முன்சீட்டில்தான் அது சரியாக வந்தது. முன்கதவுதான் அகலம். முன்சீட்டைத்தான் முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகைச் சாய்க்கவும் முடியும். எங்கள் வீட்டில் முன்சீட்டு அப்பாவுடையது. வாடகைக் கார், சித்தப்பா கார், யாருடைய காராக இருந்தாலும் டிரைவர் பக்கத்தில் அப்பா, பின்னால் பெண்களும் பிள்ளைகளும். யாரும் எழுதி வைத்ததில்லை. "அப்பா இருக்கையில நான் முன்னால ஏறவா? நல்லாருக்கும்" என்றாள் அம்மா. எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

பத்து நாள் வாசலில் ஒத்திகை. சிலாப்பில் நின்றால் இப்போது சீட்டு தாழ்ந்துபோகிறது என்று வண்டியைத் தெருவுக்குத் தள்ளி நிறுத்தினேன். பருத்திச் சேலை சீட்டில் ஒட்டிக்கொண்டு திரும்பவிடவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரை விரித்து அதன்மேல் உட்காரச் சொன்னார். வெண்ணெய் மாதிரி திரும்பினாள். திரும்பியதும் கவரை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் பிரேக் போடும்போது ஆள் வழுக்கிவிடும். கதவைப் பிடிக்காதே, அது ஆடும் என்று அப்பா தினமும் பின்னாலிருந்து சொன்னார். அவளும் தினமும் கதவைத்தான் பிடித்தாள்.

தபசுக்கு இரண்டு நாள் முன்பே, கூட்டம் சேருமுன் கிளம்பினோம். மானூர் தாண்டி, தேவர்குளம், பனவடலிசத்திரம். அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்ப்பது அவளுக்குப் புதுசு. "இம்புட்டு பக்கத்துல வாரானே லாரிக்காரன்!"

பெரியம்மா வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் ஏற்கெனவே நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கிச் சுற்றிவந்து கதவைத் திறந்து கையை நீட்டினேன்.

"நீ தள்ளி நில்லு" என்றாள் அம்மா.

ஒரு கால், அடுத்த கால். ஊன்றுகோலை வாங்கிக்கொண்டாள். மூக்கை முன்னால் நீட்டிக் குனிந்து, எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

பின்னால் அப்பா கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். சைல்டு லாக் போட்டிருந்தது.