நான் சொல்லாமல் இருந்திருந்தால்...



எங்க அப்பா வாடகை கார் ஓட்டுறார். சேலத்துல இருந்து ஏற்காடு வர்ற பாதையில 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். "ஏறும்போது இன்ஜினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை" என்று அப்பா அடிக்கடி சொல்லுவார்.

ஒருநாள் ராத்திரி அப்பா வண்டியை நிறுத்தினதும் ஒரே கருகல் நாத்தம். பின்பக்க வலது சக்கரம் தொட முடியாத சூடு. கழட்டிப் பார்த்தால் காலிப்பர் ஜாம் ஆகியிருந்தது. காலிப்பர் என்பது, சக்கரத்தோடு சுத்துற டிஸ்க்கை இரண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி பிடிக்கிற பாகம். அதுக்குள்ள இருக்கிற பிஸ்டன் துருப்பிடிச்சு, பிரேக்கை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கிட்டே இருந்திருக்கு. இப்படியே ஓட்டினால் சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சு, பிரேக்கே பிடிக்காமப் போயிடுமாம்.

சேலத்துல புது காலிப்பர் வாங்கி வந்து, ஞாயித்துக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பிச்சார். மத்த சக்கரங்களுக்குக் கல்லு வெச்சு, ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டும் கொடுத்தார். "ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது கண்ணு" என்றார். பழைய காலிப்பரைக் கழட்டி, புதுசை மாட்டி, ஆயில் குழாய்க்குப் புது செம்பு வாஷர் போட்டு இறுக்கினார்.

அப்புறம்தான் என் வேலை. குழாயில புகுந்த காத்தை வெளியே எடுக்கணும். அப்பா "அழுத்து" என்றால் நான் பிரேக்கை மிதிக்கணும். அவர் காலிப்பரின் மேல் பக்கம் இருக்கிற நிப்பிளைத் திறப்பார், ஆயிலும் காத்தும் வெளியே வரும். அவர் நிப்பிளை மூடி "விடு" என்று சொல்ற வரைக்கும் நான் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காத்து திரும்ப உள்ளே போயிடும்.

கடைசி தடவை என் தோழிகள் ஏரிக்குப் போறவங்க ரோட்டுல இருந்து கூப்பிட்டாங்க. நான் திரும்பினேன். கால் லேசா எழும்பிடுச்சு. அப்பா கவனிக்கலை.

சக்கரம் மாட்டின பிறகு அப்பா பிரேக்கை மிதிச்சுப் பார்த்தார். "கொஞ்சம் பொதபொதன்னு இருக்கே... புது பேடு, ஓட ஓட சரியாயிடும்" என்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது. சொன்னால் திட்டு விழும், ஏரிக்கும் போக முடியாது. ஆனால் திங்கள்கிழமை அப்பா பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டியிலதான் கூட்டிப் போறார்.

"அப்பா, நான் காலை முன்னாடியே எடுத்துட்டேன்" என்றேன்.

அப்பா ஒண்ணுமே பேசலை. மறுபடி சக்கரத்தைக் கழட்டினார். ஆயில் பத்தலை. வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊத்தக் கூடாதாம். அண்ணன் ஓடிப்போய் புது டப்பா வாங்கி வந்தான். திரும்ப மிதிச்சேன். டியூப்ல குட்டிக் குட்டியா நாலஞ்சு குமிழி வந்தது. அப்புறம் மிதிச்சப்ப பிரேக் கல்லு மாதிரி நின்னது.

இத்துனூண்டு குமிழிக்கா இவ்வளவு என்று நினைக்காதீங்க. ஊசி இல்லாத சிரிஞ்சுல தண்ணி நிரப்பி நுனியை விரலால அடைச்சு அழுத்துங்க, அசையாது. காத்தோட அழுத்துங்க, உள்ளே போகும். திரவம் நசுங்காது, காத்து நசுங்கும். நம்ம ஒன்பதாம் வகுப்பு அறிவியல்ல 'பாய்மங்கள்' பாடத்துல வர்ற பாஸ்கல் விதிதான் பிரேக்குல வேலை செய்யுது. பரிட்சைக்காக மட்டும் படிச்ச எனக்கு அன்னிக்குத்தான் அது புரிஞ்சது.

திங்கள்கிழமை நானும் கூடப் போனேன். அப்பா சின்ன கியரிலேயே மெதுவா இறக்கினார். 20 வளைவையும் எண்ணிக்கிட்டே வந்தேன். பாட்டி நிம்மதியாத் தூங்கினாங்க. அடிவாரத்துல அப்பா இறங்கி இரண்டு பின்சக்கரத்துக்கிட்டயும் கையை வெச்சுப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி சூடுதான்.

"நேத்து நீ சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு" என்றார். ஏரிக்குப் போகாத வருத்தம் அப்பவே போயிடுச்சு.

தப்பு செஞ்சால் உடனே சொல்லிடுங்க நண்பர்களே.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி