ஃபெல்த்தமில் ஒரு சனிக்கிழமை

ஃபெல்த்தம் இளையோர் சிறைக்கு மேலால் ஹீத்ரோ விமானங்கள் தாழப் பறக்கும். "இதிலதானே நாங்களும் வந்து இறங்கினனாங்கள்," என்றா அக்கா. அவவின்ர பதினேழு வயது மகன் உள்ளே. சனத்துக்கு, அவன் பர்மிங்ஹாமில் மாமன் வீட்டில் நின்று படிக்கிறான்.

வெளிச்சாப்பாடு கொண்டுபோக ஏலாது என்று தெரிந்தும் பருத்தித்துறை வடை சுட்டு வந்திருந்தா. லொக்கரில் வைத்துப் பூட்டினோம்.

"அடிப்பாங்களோ?" என்று கேட்டா. அவவுக்குச் சிறை என்றால் வெலிக்கடை. 1983 யூலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட இடம். "இது லண்டன், அக்கா," என்றேன்.

ஒன்றைச் சொல்லவில்லை. 2000 மார்ச்சில், இதே ஃபெல்த்தமில், விடுதலையாக வேண்டிய நாள் விடியுமுன், சாகித் முபாரக் என்ற பத்தொன்பது வயதுப் பெடியனை இனவெறி பிடித்த அறைத்தோழன் அடித்தான். ஒரு கிழமையில் பெடியன் இறந்தான். அந்த இருவரையும் ஏன் ஒரே அறையில் போட்டீர்கள் என்று குடும்பம் விடாமல் கேட்டது. பிரபுக்கள் சபை வரை போய்த்தான் பொது விசாரணை கிடைத்தது. 2006இல் வந்த அறிக்கை, சிறை நிர்வாகத்தின் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதியது. 2017 முதல் பதினெட்டுக்குக் கீழானவர்களைப் பார்க்க இளையோர் காவல் சேவை என்று தனிப்பிரிவு இருக்கிறது.

மகன் வந்து இருந்ததும் அக்கா கேட்ட முதற்கேள்வி: "உன்ர அறையில வேற ஆர்?"

"தனியத்தான், அம்மா."

திரும்பும்போது பஸ்ஸில் ஃபோன் வந்தது. யாரோ மகனைச் சுகம் விசாரித்தார்கள்.

"ஃபெல்த்தமில இருக்கிறான்," என்றா அக்கா. "இப்ப பார்த்திட்டுத்தான் வாறன்."